மூன்றாவது குறை

வீட்டு புரோக்கரம்மாவின் வாய்க்கு ஊரில் தனி மரியாதை உண்டு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் இடிக்கும் அறையை "அடக்கமான அறை" என்பார். மழைக்கு ஒழுகும் மாடியை "காற்றோட்டமான மாடி" என்பார். எதிரே லாரிகள் வந்து நிற்குமிடமா? "எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும், திருட்டுப் பயமே இல்லை" என்று அதையும் ஒரு வசதியாக்கிவிடுவார். ஐம்பத்து மூன்று வயது, ஒரு ஸ்கூட்டர், இரண்டு செல்போன், இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. இருபது வருடமாக அடுத்தவர் காதில் பூச்சுற்றியே பிழைத்தவர். அதில் அவருக்குப் பெருமைதானே தவிர வெட்கமெல்லாம் கிடையாது.

விலங்குக் காப்பகத்துக்கு அவரை இழுத்து வந்தது ஒரு காலி வீடு. குடியிருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் நான்கு நாள் ஆகியிருந்தது. புது ஆளுக்கு வீட்டைக் காட்டக் கதவைத் திறந்தால், சமையலறைப் பரணிலிருந்து எலும்பும் தோலுமாக ஒரு பூனை இறங்கி வந்தது. வீடு பார்க்க வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, பூனையைப் பையில் போட்டுக்கொண்டு காப்பகத்துக்குப் பறந்தார். கைகூடி வந்த வீடு கைநழுவிப் போனது. பூனை பிழைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அவர் காப்பகத்தில்தான். வீட்டைக் காலி செய்கிறவர்கள் கழித்துப் போடும் பழைய போர்வை, துண்டு, வாளி, செய்தித்தாள் எல்லாம் ஸ்கூட்டரில் ஏறி அங்கே வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை நாய்களை நடக்கக் கூட்டிப் போக ஆள் வேண்டுமென்றால், தான் குடிவைத்த குடும்பங்களுக்கெல்லாம் போன் போடுவார். "நான் புடிச்சுக் குடுத்த வீட்டுலதானே கால் நீட்டித் தூங்குறீங்க? ஒரு மணி நேரம் வந்து இதுங்களோட நடந்துட்டுப் போங்க" என்பார். முணுமுணுத்துக்கொண்டே வந்து சேருவார்கள். பாட்டிலில் பால் குடிக்கும் நான்கு குட்டிகளை, வளரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு கணக்கு வாத்தியார் தலையில் கட்டினார். வாத்தியார் கடைசியில் இரண்டைத் திருப்பித் தரவே இல்லை.

எந்த வீட்டுக்காரர் நாய் வளர்க்க விடுவார், யார் மூக்கைச் சுளிப்பார் என்பதெல்லாம் புரோக்கரம்மாவுக்கு அத்துப்படி. அதனால் நாய்களுக்கு வீடு தேடும் வேலையையும் டாக்டர் அவரிடமே விட்டுவிட்டார். டாக்டர் என்றால் காப்பகத்தை நடத்தும் கால்நடை மருத்துவர், புரோக்கரம்மாவின் மகள் வயதுப் பெண். பதினோரு மாதத்தில் முப்பத்தெட்டு நாய்கள் வீடு போய்ச் சேர்ந்தன.

முப்பத்தொன்பதாவதுதான் மாப்பிள்ளை. பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று மடங்கிக் கிடக்கும். இரண்டு தடவை கெஞ்சினால்தான் சாப்பாட்டில் வாய் வைப்பான், அதனால் அந்தப் பெயர். தங்கமான குணம். ஆனால் மணி அடித்தாலோ யாராவது கதவைத் தட்டினாலோ போச்சு. பக்கத்தில் இருக்கிறவரின் துணியைக் கவ்வி வாசல்வரை இழுப்பான், கதவு திறக்கும்வரை விடமாட்டான்.

புரோக்கரம்மாவுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் முதல் குடும்பத்திடம், "ரொம்ப சாது. இருக்குற இடமே தெரியாது" என்றார். ஆறாம் நாள் அந்த வீட்டுக்காரர் மாப்பிள்ளையோடு வந்து நின்றார். சாட்சிக்குக் கையில் மூன்று கிழிந்த கால்சட்டைகள், காலில் நான்காவது. அடுத்த வீட்டிலும் அதே "சாது", அதே கிழிசல். அது பத்து நாள் தாங்கியது. இரண்டு தடவையும் மாப்பிள்ளை, கொண்டுவந்து விட்டவர்கள் போன பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டருகில் உட்கார்ந்திருந்தான். எத்தனை கெஞ்சியும் சாப்பாட்டைத் தொடவில்லை.

டாக்டர் புரோக்கரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒழுகுற வீட்டைக் காத்தோட்டம்னு சொல்லிக் குடுத்துடலாம். ஆளுங்க காலி பண்ணிட்டுப் போனாலும் வீடு அழாது. இது அழுவுதுக்கா."

"இல்ல டாக்டர், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இன்னொரு தடவை திரும்பி வந்தா ஊருக்கு வெளியே இருக்குற பெரிய கொட்டகைக்குத்தான் அனுப்பணும். இங்க இடமில்ல. அங்க யாரும் நாய் கேட்டு வர்றதில்ல. அப்புறம் கடைசிவரை அதுக்கு வீடு கிடையாது."

மாப்பிள்ளையைக் கெடுத்தது தன் வாய்தான் என்பது புரோக்கரம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் பேப்பரும் பேனாவும் கேட்டார். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மனைவி எழுதுவதைத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இந்த நாயின் குறைகள். ஒன்று, கெஞ்சினால்தான் சாப்பிடும். இரண்டு, குறட்டை விடும், ஊரே எழுந்துவிடும். மூன்று, மணி அடித்தால் உங்கள் துணியைக் கவ்வி வாசலுக்கு இழுக்கும், துணி கிழியும்."

"முதல் ரெண்டும் நாயைப் பத்தியா, என்னைப் பத்தியா?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க. உங்களை எழுதறதுன்னா ஒரு பேப்பர் பத்தாது."

அந்த அறிவிப்பு காப்பகத்து கேட்டிலும், மருந்துக் கடையிலும், பொத்தானும் நூலும் விற்கும் கடையிலும் தொங்கியது. மூன்று வாரம் ஊரே படித்துச் சிரித்தது. நாயைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

நான்காவது வாரம் கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரப் பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தேவைக்கு மேல் சத்தமாக, "மூணாவதா ஒரு குறை போட்டிருக்கீங்களே, அது நிஜமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு புரோக்கரம்மாவின் வாயையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

'அதெல்லாம் ரெண்டு மாசம் பழக்கினா போயிடும்மா.' இருபது வருடப் பழக்கம், நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் இவளும் போய்விடுவாள், இனி யார் வரப்போகிறார்கள்? மாப்பிள்ளை அவர் காலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். புரோக்கரம்மா அவனைக் குனிந்து பார்த்தார்.

"நிஜம்தான்மா. போகாது. திட்டினாலும் போகாது, கொஞ்சினாலும் போகாது. உசுரு இருக்கிறவரைக்கும் இழுப்பான்."

"போகாதுல்ல? நிச்சயமா?"

அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்து புரோக்கரம்மா திகைத்துப் போனார்.

"காய்ச்சல்ல காது போய் ரெண்டு வருஷமாச்சு, சுத்தமா கேக்காதுக்கா. வாயசைக்கிறதைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கறேன். துணி குடுக்க வர்றவங்க மணியடிச்சுப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடறாங்க. என் தங்கச்சியே ஒருநாள் ரெண்டு மணி நேரம் வெளியே நின்னா. பழக்கினா போயிடும்னு நீங்க சொல்லியிருந்தா இந்நேரம் கிளம்பியிருப்பேன்."

ஒரு வாரம் வைத்துப் பார்க்கட்டும், பிறகு அக்கா போய்ப் பார்த்து வரட்டும் என்றார் டாக்டர். அந்த வாரம் முழுக்க, போன் அடிக்கும்போதெல்லாம் காப்பகத்து நம்பரா என்றுதான் புரோக்கரம்மா முதலில் பார்த்தார். அளவெடுக்க வந்தவரின் துணியை மாப்பிள்ளை கிழித்திருந்தால்? புது இடத்தில் இழுக்கவே மறந்திருந்தால்?

எட்டாம் நாள் தையல்காரியின் வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினார். உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டே இருந்தது. சட்டென்று மிஷின் நின்றது, நாற்காலி தரையில் கிறீச்சிட்டது, யாரோ சிரித்துக்கொண்டே வரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தையல்காரியின் இடுப்பில் தடித்த கான்வாஸ் துணியில் ஒரு பட்டை தைத்துத் தொங்கியது, அதன் நுனி மாப்பிள்ளையின் வாயில் இருந்தது.

"இது கிழியாதுக்கா! இந்த வாரம் ஒரு ஆள்கூடத் திரும்பிப் போகலை!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

புரோக்கரம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, மறுபடியும் மணியை அழுத்தினார். திறந்த கதவுக்குள்ளேயே மாப்பிள்ளை பட்டையைக் கவ்வி இழுக்க, "என்னக்கா, எதிர்லயே நின்னுக்கிட்டு மறுபடியும் அடிக்கிறீங்களா?" என்று தையல்காரி தடுமாறினாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா" என்றார் புரோக்கரம்மா.