மூலையில் கிடந்த கூட்டல் இரண்டு

மொன்றியலில் ஊருக்குப் போகிற தமிழர்கள் ரிக்கெற் எடுக்குமுன் விமலநாதனிடம் ஒரு சொல் கேட்பார்கள். டோர்வல் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பெட்டி ஏற்றுகிறவர். கொழும்பு நேர்கோட்டில் பதின்மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர், டோஹாவில் மாறினால் இருபத்தொன்றரை மணித்தியாலம் என்று, கேட்டவர் வாய் மூடுமுன் சொல்லிவிடுவார். அகதியாக வந்தபின் அவர் மட்டும் ஒருநாளும் திரும்பிப் போனதில்லை.

இப்போது போயே தீரவேண்டும். தாய் தகப்பன் இல்லாத பெறாமகள், தம்பியின் பிள்ளை துஷாந்தினிக்கு வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் கலியாணம். காலை பத்து பன்னிரண்டுக்கு முகூர்த்தம். அவரும் மனைவி யோகராணியும் சோடியாக நின்று தாரை வார்க்கவேண்டும். புதன் இரவு எட்டு நாற்பதுக்கு ஏறி, வியாழன் விடிய மூன்று நாற்பதுக்குக் கொழும்பில் இறங்குவோம் என்று ஊருக்கெல்லாம் அறிவித்திருந்தார். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், “ஏழு மணித்தியாலத்திலையோ?” என்று சிரித்திருப்பார்.

செவ்வாய் பின்னேரம் ஐந்து மணிக்கு, மொன்றியல் புறநகர் ரொக்ஸ்பரோவில் தங்கள் வீட்டில் பெட்டி கட்டும்போது, மகள் ஆர்த்திகா ரிக்கெற்றை எடுத்துப் பார்த்தாள்.

“அப்பா, மூண்டு நாற்பதுக்குப் பக்கத்திலை சின்னனாக் கூட்டல் ரெண்டு கிடக்கு.”

“அது கேற் நம்பராயிருக்கும்.”

“ஐயோ அப்பா! ரெண்டு நாள் கழிச்சு எண்டு அர்த்தம். வெள்ளிக்கிழமை.”

யோகராணி மடித்த சேலையோடு நிமிர்ந்தாள். “வெள்ளி விடிய இறங்கி, வான் பிடிச்சு எட்டு மணித்தியாலம் ஓடி... நாங்கள் போய்ச் சேர, பிள்ளை தாலியோடை வாசலிலை நிண்டு எங்களை வரவேற்பாள்.”

விமலநாதன் விரல்விட்டு எண்ணினார். எண்ண எண்ண முகம் வெளுத்தது. ஆர்த்திகா விமான நிறுவனத்துக்கு அழைத்து, நாற்பது நிமிடம் காத்திருப்புப் பாட்டுக் கேட்டபின் தலை நிமிர்த்தினாள்.

“இண்டைக்கு இரவு ரெண்டு சீற் இருக்கு, மாத்திப்போட்டன். ஏழு நாற்பதுக்குக் கவுண்டர் பூட்டிப்போடுவினம்.”

உடுப்புகளை அள்ளிப் போட்டு, பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து மூடி, ஆறு நாற்பதுக்குக் காரில் புறப்பட்டார்கள். டோர்வலுக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர். வழியெல்லாம் வீதித் திருத்த வேலைக்கு வைத்த செம்மஞ்சள் கூம்புகள். வேலை செய்பவர்களைத்தான் காணவில்லை. ஏழு பத்துக்குக் கார் முற்றாக நின்றது. விசயம் கேள்விப்பட்ட துஷாந்தினி ஊரில் விடியுமுன்னே இரண்டுமுறை அழைத்தாள். அவர் எடுக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, இந்தத் தூரத்துக்கு எவ்வளவு நேரமாம்?” என்றாள் யோகராணி.

“பதினாறு நிமிஷம்.”

“எப்ப?”

“நான் வேலைக்குப் போற நேரம். விடிய நாலு மணிக்கு.”

ஏழு முப்பத்தேழுக்கு, தான் ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஏற்றிய இடத்துக்குத் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினார். கவுண்டர்ப் பெண் வரிசையை மறித்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் மூச்சிரைக்க நின்ற கோலத்தைப் பார்த்து, பெருமூச்சோடு கயிற்றை அவிழ்த்தாள்.

இருக்கைச் சீட்டுகள் கைக்கு வந்தும் அவர் நகரவில்லை. இறங்குவது எந்த நாள் என்று பிரெஞ்சில் கேட்டார். வியாழன் என்றாள். இன்னொரு தடவை கேட்டார். பிறகுதான் துஷாந்தினிக்கு அழைத்து, “வாறம் பிள்ளை” என்றார்.

யோகராணி சீட்டுகளை அவர் கையிலிருந்து உருவினாள்.

“இனி ஆரும் மணித்தியாலம் கேட்டால் நீங்கள் சொல்லுங்கோ. நாள் கேட்டால் என்னட்டை அனுப்புங்கோ.”