வராதவருக்குப் பாடிய பாட்டு

தார் மணக்கும் சோப்பு ஒன்று உலகத்தில் உண்டு என்பது, எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அந்த வெள்ளைக்கார அம்மாள் முகம் கழுவிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குளச்சல் கடற்கரையில் வள்ளங்களுக்குப் பூசிக் காயவைக்கும் கீலின் மணமும் ஈர விறகு புகையும் மணமும் கலந்தாற்போன்ற வாசனை அது; அவர் போன பிறகும் துவைகல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. நாகர்கோவிலில் ஆங்கிலம் கற்பித்துவந்த என் அப்பாவுக்கு ஒரு பேராசிரியர் கடிதம் எழுதி, பின்லாந்து தேசத்திலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்காக வருகிறார், தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். நெல் இல்லாமல் காலியாகக் கிடந்த 'பத்தாயப்புரை'யை வெள்ளையடித்துக் கொடுத்தோம். அவர் பெயர் ஐனோ. ஊர் அவரை 'மதாம்மை' என்றது.

மதாம்மை உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. எழுதும்போதுகூட ஜன்னல் கட்டையில் நோட்டை வைத்துக்கொண்டு நின்றபடிதான் எழுதுவார். நாலு வரி எழுதினால் பத்து நடை நடப்பார். வெயில் தாழ்வதற்குள் கால்வாய்க்கரை வழியாக இரண்டு ஊர் போய்த் திரும்பிவிடுவார், ஒருமுறை பத்மநாபபுரம் வரைக்கும்கூட நடந்தே போனார். 'இந்த அம்மைக்குக் காலுல சக்கரமா?' என்று என் அம்மா அலுத்துக்கொள்வாள்.

அவர் ஏன் அப்படி அலைந்தார் என்பது, அவர் சொன்ன துண்டு துண்டான செய்திகளை ஒட்டவைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய தாய்மொழிக்கு உறவான மொழிகள் எஸ்தோனியா, ஹங்கேரி என்று சிதறி, ருஷ்யாவில் வோல்கா நதிக்கரை வரை கிடக்கின்றனவாம். மாணவியாக இருந்தபோது அந்த நதிக்கரைக் கிராமங்களுக்குப் போய், கிழவிகளிடம் பாட்டும் கதையும் கேட்டு எழுதியிருக்கிறார். பிறகு புரட்சி வந்து எல்லை அடைபட்டுவிட்டது. தமக்குப் பாடிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்களா, இல்லையா என்றே அவருக்குத் தெரியாது. போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. போக முடிந்த நாட்டுக்காவது போவோம் என்று, தமிழும் அந்தக் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று யாரோ எழுதியதை நம்பி, இங்கே கப்பலேறியிருக்கிறார்.

புத்தகத்தில் படித்த தமிழ் அவருடையது. "சிறுமியே, உன் கையைக் காட்டு" என்பார். காட்டினால், "எங்கள் மொழியில் இது 'கேஸி'" என்று மகிழ்வார். மறுநாளே முகம் வாடிவிடும். "'துலி' என்றால் எங்களுக்கு நெருப்பு. நீங்களோ நீர்ச் சொட்டைத் துளி என்கிறீர்கள். சொற்கள் ஏமாற்றுகின்றன" என்பார். எழுதிய சொற்பட்டியலில் பாதியை அவரே அடித்துவிட்டார்.

பக்கத்துத் தெருவில் ஒரு சாவு விழுந்த அன்று அவருடைய வேலையே திசைமாறியது. அங்கே எங்கள் வீட்டோடு இருந்த பகவதி அத்தை 'ஒப்பாரி' வைத்ததை வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு வந்தவர், அன்று முழுவதும் பத்தாயப்புரைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். தம் ஊர்ப் பெண்களும் இப்படித்தான் பாடி அழுவார்கள், அந்த இழுப்பும் விம்மலும்கூட அதேதான் என்றார். ஒரு முழுப் பாட்டையாவது எழுதிக்கொள்ள வேண்டும் என்று அப்பாவிடம் கெஞ்சினார்.

"சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி பாடப்பிடாது" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். மதாம்மை ஊர் ஊராகப் போய்க் கேட்டார். எங்கேயும் அதே பதில்தான். பெட்டியைக் கட்டிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

பகவதி அத்தை அப்பாவின் தங்கை; கல்யாணத்துக்கு முன் ஏழாம் வகுப்புவரை படித்தவள். மாமா பினாங்குக்குக் கப்பலேறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. முதல் வருஷம் மூன்று கடிதம் வந்தது, பிறகு ஒன்றுமில்லை. பூதப்பாண்டியில் மாமியார் வீட்டில் இருக்க முடியாமல் எங்கள் வீட்டுக்கு வந்தவள், மாவாட்டியும் மாடு கழுவியும் நாளைக் கழித்தாள். கல்யாண வீட்டுக்கு யாரும் அவளை அழைப்பதில்லை. சாவு வீட்டில் மட்டும் அவள் வந்தபிறகுதான் அழுகை சூடுபிடிக்கும்.

ஒருநாள் முற்பகலில் அத்தை மதாம்மைக்கு மோர் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே அத்தை கேட்டாள்: "ஒங்க ஊருலயும் பொம்பளையோ பாடி அழுவாளுகளா?"

"அழுவார்கள். இறந்தவருக்கு அழுவார்கள். மணப்பெண் பிரியும்போது அழுவார்கள். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போன ஆண்மகனுக்கும் அழுவார்கள்."

"உயிரோட இருக்கப்பட்டவனுக்கா?"

"ஆம். திரும்புவானா என்று தெரியாதவனுக்கு."

அத்தை செம்பைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பாடினாள். அவள் சாவு வீடுகளில் பாடி நான் கேட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

'கப்பலேறிப் போனவரே – ஒரு
காயிதமும் போடலியே,
பொட்டு வைக்கக் கை எழும்ப – நெத்தி
போதுமிண்ணு சொல்லுதையா.'

இது தொடக்கம் மட்டும்தான். பாட்டு நெடுநேரம் போயிற்று. மதாம்மை முதல்முறையாகத் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். முடிந்ததும் தப்பும் தவறுமாக முழுவதையும் வாசித்துக் காட்டினார். அத்தை கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "தலைப்புல செத்தவருக்குண்ணு போடாதியும். வராதவருக்குண்ணு எழுதும்."

நான் அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டு எனக்குள் கிடந்து பரபரத்தது. இரண்டு நாள் கழித்துக் குளத்துப் படித்துறையில், என் வயசுப் பிள்ளைகளுக்கு முன்னால், எங்கள் அத்தை கட்டி மதாம்மை எழுதிக்கொண்ட பாட்டு என்று பெருமையடித்து அந்த முதல் நாலு வரியை எடுத்துவிட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். நான் குளிக்காமலே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

வாரம் முடிவதற்குள் பூதப்பாண்டியிலிருந்து வில்வண்டி வந்தது. அத்தையின் மாமியாரும் கொழுந்தனும் இறங்கினார்கள். "உயிரோட இருக்கப்பட்ட எம்பிள்ளைக்கு ஒப்பாரி வச்சிருக்கா. அவன் செத்தாண்ணா இவ தாலியக் கழற்றட்டு. சாகலைண்ணா அந்தக் காயிதத்தை எங் கண்ணு முன்னால தீயில போடட்டு" என்றாள் கிழவி. அப்பா தலை குனிந்து நின்றார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் பெயர் எப்போது வெளியே வரும் என்பதுதான் என் பயம்.

மதாம்மை நோட்டோடு வந்தார். "பிழை என்னுடையது. ஆயினும் இந்தப் பாட்டு என்னுடையது அன்று. பாடியவர் சொல்வதைச் செய்வேன்" என்று அத்தையிடம் நீட்டினார். இத்தனை மாதத்தில் அவருக்கு முழுசாகக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

அத்தை நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைச் சிறிதுநேரம் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள். "இதைப் பெட்டியில வச்சுப் பூட்டும்" என்றாள். மாமியாரைப் பார்த்து, "தாலி கழுத்துல கெடக்கட்டு, அத்தே. அவரு வந்தா வரட்டு. அழுதது நான். அதை ஒருத்தருக்கும் விட்டுத்தர மாட்டேன்" என்றாள். வண்டி திரும்பிப் போயிற்று. அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு அத்தை வீட்டில் அடங்கவில்லை. மதாம்மையோடு குலசேகரம் வரைக்கும் போய் வந்தாள். அத்தை முன்னால் உட்கார்ந்து ஒன்றைத் தொடங்கினால், எத்தனையோ கதவடைத்த பெண்கள் வாய் திறந்தார்கள். நான்கு மாதத்தில் இரண்டு பெட்டி நோட்டுகள் நிறைந்தன. ஐரோப்பாவில் யுத்தம் வரும் என்ற பேச்சு எழுந்ததும் மதாம்மை அவசரமாகக் கிளம்பிவிட்டார். அத்தை அந்த வேகத்திலேயே பரீட்சை எழுதி, இரணியல் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். மாமாவைப் பற்றி ஒரு தகவலும் கடைசிவரை வரவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு ஒருநாள், படித்துறையில் பாடியது நான்தான் என்று அவளிடம் சொன்னேன்.

"தெரியும் மக்கா. வேற ஆரு பாடுவா?" என்று சிரித்தாள். "நீ பாடலைண்ணா நான் இப்பவும் மாவாட்டிக்கிட்டுத்தான் இருப்பேன்."

யுத்தம் முடிந்த பிறகு மதாம்மையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் பிறந்த ஊர் இப்போது ருஷ்ய எல்லைக்கு அந்தப்பக்கம் போய்விட்டது, ஓடிவரும்போது இரண்டு பெட்டிகளும் ரயில்நிலையத்தில் தவறிவிட்டன, அந்த ஒரு பாட்டை மட்டும் மறுபடி எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அத்தை பென்சிலும் தாளுமாக ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். "அண்ணைக்கு வந்துது. இப்ப வரமாட்டேங்கு" என்றாள் கடைசியில். எனக்கு நினைவிருந்த நாலு வரியை நான் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

இப்போது பத்தாயப்புரை இருந்த இடத்தில் மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகை இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் ஒலிபெருக்கி பாடுகிறது. பெண்கள் ஓரமாக உட்கார்ந்து, எப்போது எடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். அத்தை போன அன்றும் அப்படித்தான் நடந்தது. அன்று சாத்திய கதவுக்குள் இருந்த மூன்று பேரில் நான் ஒருத்திதான் பாக்கி. எனக்குத் தெரிந்தது நாலே வரி. அதுவும், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் நான் திறந்ததால் மனசில் தங்கிய நாலு வரி.