அடித்தளத்தில் கத்தியவள்

நான் நவீன இலக்கிய விமர்சனம் பயில்பவன். சான்றின்றி ஒரு சொல்லும் எழுதலாகாதெனப் பழக்கப்பட்டவன். இதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆயினும் நடந்தது.

மல்வேர்னில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் நான் குடியேறிய முதல் மாதம். பனி உருகிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். பழைய இத்தாலியக் கடற்கொள்ளையர் படமொன்றுக்கு நானும் என்னோடு படிக்கும் கஜனியும் தமிழ்க் குரல் கொடுத்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை திரையிடல், ஒரேயொரு காட்சி மீதமிருந்தது. மூழ்கும் கப்பலின் அடித்தளத்தில் பூட்டப்பட்ட பெண்ணொருத்தி கதவைத் தட்டிக் கதறுகிறாள்.

உடுப்புகள் நிறைந்த குளோசெற்றுக்குள் எதிரொலி இராது. அதுவே எங்கள் ஒலிப்பதிவு அறை. உள்ளே மைக்கும் ஒரு சின்னத் திரையும். வெளியே, அதற்கு முதுகு காட்டியபடி, ஹெட்போனுடன் நான்.

“நான் கத்துற கத்தில மேல இருக்கிற அங்கிள் பொலிசுக்குப் போன் அடிக்கப் போறார்,” என்றாள் கஜனி.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. படத்தை ஓடவிட்டேன்.

“அண்ணை, கதவைத் திறவுங்கோ…”

நான் எழுதிய வசனம் அதுவன்று. கஜனி என்னை அண்ணை என்று அழைப்பதுமில்லை. ஆனால் என் வசனத்தைவிட அதில் உயிர் இருந்தது. நிறுத்தவில்லை.

“தண்ணி முழங்காலுக்கு வந்திட்டுது… அண்ணை…”

உள்ளங்கையால் கதவை அறையும் ஓசை.

திரையில் கொள்ளையர் தலைவன் கதவை உடைத்தான். அவளைத் தூக்கிக்கொண்டு மேல்தளம் ஏறினான். வெயில். இசை. அவள் சிரித்தாள்.

ஹெட்போனில் அழுகை நிற்கவில்லை.

“நெஞ்சுக்கு வந்திட்டுது…”

“கஜனி, போதும்!”

“என்ன போதும்?”

படிக்கட்டில் கஜனி. கையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள்.

“தொண்டை வறண்டிட்டுது, மேல போட்டு வாறன் எண்டு சொல்லிட்டுத்தானே போனனான். ஹெட்போனோட மண்டையை ஆட்டினனீ.”

ஹெட்போனைக் கழற்றினேன். மௌனம்.

மாட்டினேன்.

தட்டினாள்… மெதுவாக…

பிறகு, தட்டவில்லை.

கதவைத் திறந்தோம். உடுப்புகள். மைக். உலர்ந்த கம்பளம்.

மறுநாள் வீட்டுக்காரர் அருள்நாயகம் அங்கிளிடம் கேட்டேன். முன்பொரு கோடை வெள்ளத்தில், கீழே வாடகைக்கு இருந்த பெண் இறந்ததாகச் சொன்னார். இன்று குளோசெற் இருக்கும் இடம் அன்று அவளுடைய அறை. தண்ணீரின் அழுத்தத்தில் கதவு திறபடவில்லை.

“அவ கத்தினது உங்களுக்குக் கேக்கேல்லையே, அங்கிள்?”

“கேட்டது தம்பி,” என்றார். “நாங்கள் மேல படம் பாத்துக்கொண்டிருந்தனாங்கள். படத்திலதான் கத்துறாள் எண்டு இருந்திட்டம்.”