ஷெட்டிலிருந்து ஷெட் வரை

வேன் ஓட்டுவது சுலபம். வாடகைக்கு எடுக்க வருகிறவரிடம் வாடகை விதியை விளக்குவதுதான் பெரும்பாடு. இந்தத் தொழிலில் அடிபட்டவர்கள் இப்போதே தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். இராமநாதபுரத்தில் ஒரு முதலாளி பட்டாளத்து ஏலத்தில் ஒரு வேன் எடுத்தார். நான் டிரைவர். அந்த வேன்மேல் எனக்கு அப்படி ஒரு பித்து! ஆனால் முதல் மாசமே வாடகைத் தகராறு இரண்டு. "இன்னொரு புகார் வந்துச்சு, வண்டிய, வெல கேட்டுக்கிட்டிருக்க அந்த மதுரைக்காரருக்கு வித்துருவேன். நீ பழையபடி உப்பு லாரிக்குப் போயிரு" என்றார் முதலாளி. அன்றிலிருந்து ஒவ்வொரு விதியையும் வாய் வலிக்க விளக்கத் தொடங்கினேன்.

வாடகை ஆரம்பம்

வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பினால் வாடகை ஆரம்பம். திரும்ப ஷெட்டுக்குள் நுழைந்தால் முடிவு. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் குடும்பத்தோடு திருச்செந்தூர் போகச் செவ்வாய்க்கிழமைக்கு வேன் பேசியிருந்தார். அன்றைக்கு நாள் நன்றாக இல்லையாம். திங்கள் சாயங்காலமே வேனை வரச்சொல்லி, ஒரு மஞ்சள் பையை ஏற்றிப் பரஸ்தானம் வைத்துவிட்டார். நல்ல நேரத்தில் பை வெளியேறினால் பயணமே கிளம்பியதாகக் கணக்கு. எல்லோரும் பையை அடுத்த வீட்டில் வைப்பார்கள். இவர் என் வேனில் வைத்தார். சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்கிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

இரவெல்லாம் அவர் வாசலிலேயே வேனோடு கிடந்துவிட்டு, மறுநாள் காலையில், "வாடகை நேத்தே ஆரம்பிச்சிருச்சே சார்" என்று மெதுவாக இழுத்தேன். வாத்தியார் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"நேத்துக் கெளம்புனது பைதானப்பா. பைக்கு என்ன உண்டோ அதை வாங்கிக்க."

வெயிட்டிங்

ஆர்.எஸ்.மங்கலத்தில் ஏர்மாடு கட்டி உழுகிற சம்சாரி ஒருவர் மகனுக்குப் பெண் பார்க்க வேன் எடுத்தார். பெண் வீட்டில் காப்பி, ஜாதகம், விருந்து, மறுபடி காப்பி என்று பொழுது சாய்ந்துவிட்டது. வேப்பமரத்தடியில் நான் வேனைத் துடைத்த துடைப்பில் பெயிண்டே உரிந்திருக்கும்.

ஊர் திரும்பியதும், வண்டி நின்ற நேரத்துக்கும் கூலி உண்டு என்றேன். மனிதர் இறங்கி வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதன் முகத்தை உற்றுப் பார்த்தார். தொலைந்தது, இதோ மூன்றாவது புகார் என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, கொடுத்துவிட்டார். ஆனால் கொடுக்கும்போதே கேட்டார்:

"மாடு நின்னா வைக்கல் திங்கும், அதுக்குக் குடுக்கலாம். இது மத்தியானத்துல இருந்து நிக்கிதே, ஒரு வாய் தின்னுச்சாய்யா?"

ஆள் கணக்கு

டிரைவர் போக எட்டுப் பேர்தான் ஏறலாம். தங்கச்சிமடத்து மீனவர் சவரிமுத்து அண்ணாச்சி மகளுக்கு மறுநாள் காலையில் கலியாணம். அதற்கு முன் பெண்ணை ஓரியூர் வேதக்கோயிலுக்குக் கூட்டிவருவதாக நேர்ச்சை. அவர்கள் தீவுக்குச் சாலைப் பாலம் வராத காலம். ரயிலில் மண்டபத்தில் வந்து இறங்கினார்கள், அங்கே நான் வேனோடு நின்றேன். வந்தது பதினாலு பேர்!

எட்டுதான் என்று நான் கையை விரித்தேன். அண்ணாச்சி சண்டை போடவில்லை. குனிந்து, டயருக்கும் மட்காடுக்கும் நடுவே விரலை வைத்து அளந்தார். பிறகு நிமிர்ந்து, பெண்டுபிள்ளைகளை ஏறச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

"இன்னும் நாலு விரக்கடை மேலதான் நிக்கிது தம்பி. எங்க வள்ளம் இம்புட்டு மெதந்தா ஊரையே ஏத்துவோம்."

மைல் கணக்கு

மைலுக்கு இவ்வளவு என்பது கடைசி விதி. ஓரியூரிலிருந்து திரும்பும்போது, மண்டபத்துக்கு மூன்று மைல் இருக்கையில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன், எஞ்சின் அணைந்தது. பிறகு என்ன செய்தும் அசையவில்லை. சாயங்கால ரயிலை விட்டால் காலைப் பூசைக்குக் கோயிலில் மணப்பெண் இருக்கமாட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எறங்குங்க எல்லாரும்!" என்றார் அண்ணாச்சி. வள்ளத்தைக் கடலில் தள்ளுகிற மாதிரி தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மணப்பெண்ணும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். அரை மைல்! எஞ்சின் இருமியது, செருமியது, பிடித்துக்கொண்டது! ஓடுகிற வண்டியில் பதினாலு பேரும் தாவி ஏறினார்கள். கார்டு கொடியை எடுத்தபோது நாங்கள் பிளாட்பாரத்தில் நின்றோம். பெண் ஏறிவிட்டாள்! நான் அந்த வேனைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அண்ணாச்சி நேராக எங்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டார். "என்ன, புகாரா?" என்று முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு உப்பு லாரி கண்ணில் தெரிந்தது.

"ஆமா மொதலாளி. கலியாணம் நல்லா நடந்துச்சு. மறுவீட்டுக்கும் இந்த வண்டிதான் வேணும். ஆனா மைலுக்கு வாடகைன்னு ஒங்க டிரைவரு சொன்னாரு. பதினாலு பேரு அரை மைலு தள்ளுனோம். அதுக்கு நீங்கதான எங்களுக்குத் தரணும்?"

முதலாளி என் பக்கம் திரும்பி, "பதினாலா?" என்று முறைத்தார். முறைப்பு பாதியிலேயே உடைந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏலே, வண்டி விக்கிறதுக்கு இல்லைன்னு மதுரைக்காரருக்கு ஒரு கார்டு போட்டுரு."

வாடகை விதியை ஊருக்கெல்லாம் விளக்கித் தொண்டை கட்டினவன் நான். அதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள், என் வேனைத் தள்ளியவர்.