லெதர் ஊசியும் சரோஜாவின் கோட்டும்

1. முதல் நாள்

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், க்ளோசிங் செக்ஷனில் இருபத்தோரு வருஷம் மிஷின் ஓட்டினேன். க்ளோசிங் என்றால் வெட்டி வந்த தோல் துண்டுகளைச் சேர்த்து ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது. முதல் நாள் சூப்பர்வைசர் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"மிஷின் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் சார். வீட்ல தையல் மிஷின் இருக்கு."

"எந்தப் பக்கம்? ஊருக்குள்ளயா, காலனியா?"

காலனி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டாவது கேள்விக்கும் ஷூவுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் வேலையை ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார். தைக்க வேண்டிய கோட்டை சில்வர் ரீஃபிலால், அதாவது வெள்ளி நிற மைக்குச்சியால் போட வேண்டும். தைத்து முடித்ததும் ரப்பரால் தேய்த்தால் கோடு போய்விடும். "கோட்ட அழிச்சிக்கலாம். தோல்ல ஓட்ட வுழுந்தா வுழுந்ததுதான். பிரிச்சித் தெச்சிக்கலாம்னு நெனைக்காத, பீஸ் ரிஜெக்ட்டு" என்றார்.

எனக்கு வலது கைப்பக்கம் சரோஜா உட்கார்ந்திருந்தாள். நான் தைத்துத் தள்ளுவதை எடுத்து நூல் வெட்டி ஓரம் மடிப்பது அவள் வேலை. அவள் ஊர்த்தெரு. மத்தியானம் மணி அடித்ததும், "உன் பேரு இன்னா?" என்றாள். எஸ்தர் என்றேன். "எஸ்தரு, உன் டப்பாவுல இன்னா குழம்பு? வாசன தூக்குதே" என்று என் கருவாட்டுக் குழம்பை எடுத்துத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து பதினோரு வருஷம் என் குழம்பு பாதி எனக்குச் சொந்தமில்லை. என் மாமியார் சமையலில் குறை சொன்னால்கூட எனக்குக் கோபம் வராது. சரோஜா "இன்னிக்கு உப்பு கம்மி" என்றால் அன்று முழுவதும் மனசு ஆறாது.

2. பேப்பர் தட்டு

அவள் மகள் பவித்ரா வயசுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டுக்கு சரோஜா என்னை மூன்று முறை கூப்பிட்டாள். "நீ வரல, அப்புறம் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள். நான் வீட்டு மிஷினில் பத்து நாள் உட்கார்ந்து, மயில் கழுத்து நிறத்தில் ஒரு பாவாடை தைத்தேன். கீழ் ஓரம் முழுக்க கைவேலை. அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் சரோஜாவின் மாமியார் நின்றிருந்தார். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய் மாட்டுத் தொழுவத்து ஓரமாக ஒரு சேர் போட்டார். உள்ளே எல்லாருக்கும் வாழையிலை. எனக்கு மட்டும் சோறு பேப்பர் தட்டில் வந்தது. பின்வாசலுக்கு சரோஜா வந்தாள். என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

தட்டையும் பையையும் சேரிலேயே வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

மறுநாள் மணி அடித்ததும் அவள் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். நான் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன். அடுத்த நாளும் தள்ளினாள். ஒரு வாரம் தள்ளினாள், பிறகு விட்டுவிட்டாள். மாமியாரை நான் அன்றே மறந்துவிட்டேன். அவர் யாரோ, நான் யாரோ. பதினோரு வருஷம் என் குழம்பைச் சாப்பிட்டவள் தலையைக் குனிந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தோம். "நூலு குடு." "சைஸ் முப்பத்தெட்டு." "லைட்ட போடு." இவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு இருமல் வந்தால் எனக்கு மிஷின் நிற்கும். அவள் லீவு போட்ட நாளில் என் பீஸில் ரிஜெக்ட் ஜாஸ்தி வரும். ஆனாலும் பேசவில்லை. நான்தான் முதலில் பேச வேண்டும் என்று என்ன சட்டம்?

3. கோட்டு

முழங்கால் வலி தாங்காமல் சரோஜா வேலையை விட்டாள். மகன் ஓசூருக்குக் கூட்டிப் போவதாகப் பேச்சு. கடைசி நாள் மணி அடித்ததும், புடவைக்கு மேல் போடுகிற கம்பெனி நீலக் கோட்டைக் கழற்றி, நாலாக மடித்து, என் மிஷின் மேல் வைத்தாள். அவள் ஏறிய பஸ் கிளம்பிய பிறகு அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் நானும் வேலையை விட்டேன். கம்பெனி ஏலத்தில் விட்ட பழைய மிஷின் ஒன்றை வாங்கி வீட்டில் போட்டேன். ஒரு நாள் கோட்டைத் துவைக்க எடுத்தேன். காலரில் அவள் தேங்காய் எண்ணெய் வாசனை. துவைக்க மனசு வரவில்லை. ஏன் என்று தெரியாமலே சில்வர் ரீஃபிலை எடுத்து அதன் முதுகில் ஒரு வட்டம் போட்டேன். பேப்பர் தட்டு. அதன்மேல் வெள்ளை நூல் ஓட்டினேன். தைக்கத் தைக்க அழுதேன். முடித்ததும் நன்றாகப் பசித்தது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஒருத்தி தன்னிடம் சொன்ன வார்த்தையைத் தைக்க வேண்டும் என்று ஒரு துப்பட்டாவோடு வந்தாள். "தோல் கம்பெனி நாத்தம், தள்ளி உக்காரு" என்பது அந்த வார்த்தை. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எட்டு, ஒன்பது பேர் வருகிறார்கள். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். மனசில் கிடப்பதை முதலில் ரீஃபிலால் எழுது. வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் தை. வேண்டாம் என்றால் துவைத்துவிடு, போய்விடும். அவரவர் எழுதியதை அவரவர்தான் தைக்க வேண்டும். சிலர் நாலு வாரம் எழுதி எழுதித் துவைப்பார்கள். அதுவும் வேலைதான்.

4. கிழிசல்

சென்னையில் கண்காட்சி நடத்தும் ஒரு பெண் வந்து பார்த்தாள். இதற்கு நூல் கலை என்று பெயராம். இருக்கட்டும். சரோஜாவின் கோட்டைத்தான் நடுவில் மாட்ட வேண்டும் என்றாள். அதற்குள் அதில் அந்த மத்தியானம் முழுவதையும் தைத்திருந்தேன். தொழுவம், சேர், தட்டு, பின்வாசல், அதில் தலை குனிந்த ஒருத்தி.

சென்னைக்குக் கொண்டுபோய், சுவரில் மாட்டிக் கையை எடுத்ததும் டர்ரென்று சத்தம் கேட்டது. பின்வாசலை ஒட்டி மேலிருந்து கீழாகத் தையல் போன வழியிலேயே கோட்டு கிழிந்து தொங்கியது.

எனக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. நான் ஓட்டியது லெதர் ஊசி. அதன் முனை குட்டிக் கத்தி போல இருக்கும். தோலை வெட்டிக்கொண்டு போகத்தான் அந்த முனை. துணி ஊசிக்கு முனை உருண்டை. அது இழையை வெட்டாது, விலக்கிக்கொண்டு போகும். ஏலத்து மிஷினோடு வந்த ஊசி டப்பாவை அப்படியே வைத்து, ஷூவுக்குப் போடுவது போல நெருக்கமாகத் தையல் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு இழை அறுந்திருக்கிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்து அவள் கோட்டை நானே அறுத்திருக்கிறேன்.

அந்தப் பெண், "அப்படியே விட்டுடுங்கம்மா. கிழிஞ்சதுகூட அர்த்தமாதான் இருக்கு" என்றாள்.

"உனுக்கு அர்த்தம். எனுக்கு அது ஒருத்தியோட கோட்டும்மா" என்று சொல்லிவிட்டு, மடித்து எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். மற்ற துணிகளை மாட்டிக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்ததும் சரோஜாவின் நம்பரை வாங்கிப் போன் செய்தேன்.

"சரோஜா, நான் எஸ்தரு. உன் கோட்டு கிழிஞ்சிபோச்சி."

"இன்னும் வச்சிருக்கியா அத?"

"வச்சிருந்தேன். அதுல அன்னிக்கு மத்தியானத்தத் தெச்சேன்."

"நானும் இருக்கறனா அதுல?"

"இருக்க. தலைய குனிஞ்சிக்கினு."

போன் கட்டாகிவிட்டது. அவளே வைத்தாளா, லைன் போனதா, தெரியவில்லை. நான் திரும்பக் கூப்பிடவில்லை.

5. பாவாடை

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பவித்ரா வந்தாள். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாளாம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக உள்ளே வந்து பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பையைத் திறந்து மயில் கழுத்து நிறப் பாவாடையை எடுத்தாள்.

"நீங்க போனப்புறம் அம்மாதான் உள்ள எடுத்தாந்து வச்சிச்சி ஆன்ட்டி. ஆயா கட்டக்கூடாதுன்னுடிச்சி. ஆயா போனப்புறம் ஒருக்கா கட்டிப் பாத்தேன், பத்தல. போன வாரம் அம்மா சில்வர் ரீஃபில் ஒண்ணு கொண்டான்னுச்சி. இதுல இன்னாமோ எழுதிச்சி. உன் கையால குடுத்துட்டு வான்னு அனுப்பிச்சி."

முதலில் தையலைத்தான் பார்த்தேன், புத்தி அப்படி. ஒரு இழைகூட விடவில்லை. வீட்டு மிஷினில் சாதாரண ஊசியில் தைத்தது. பிறகுதான் எழுத்தைப் பார்த்தேன். கீழ் ஓரத்தில், என் கைவேலைக்கு மேலே, அவளுடைய கோணல் எழுத்து.

"எஸ்தரு உள்ள வா. எல போட்டிருக்கேன்."

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பவித்ரா, "தெச்சிடுங்க ஆன்ட்டி, அழிஞ்சிடப் போவுது" என்றாள். நான் தலையாட்டி மறுத்தேன்.

இன்று க்ளோசிங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். துணிக்கு உட்காரும்போது ஊசியை மாற்றிவிட்டு உட்காருங்கள். கோபம் இருக்கலாம், இருக்க வேண்டும். ஆனால் கையில் எந்த ஊசி இருக்கிறது என்று பாருங்கள். நான் அதைப் பார்க்காமல்தான் ஒரு கோட்டைக் கெடுத்தேன். அதைக் கையாலேயே ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாவாடையில் எழுதியதை நான் தைக்கவில்லை, துவைக்கவும் இல்லை. எங்கள் சட்டம் சரோஜாவுக்கும் சேர்த்துத்தான். அன்று வாய்க்குள்ளேயே போன வார்த்தையை அவள்தான் என் வீட்டுக்குள் உட்கார்ந்து தைக்க வேண்டும். மிஷினில் துணி ஊசி மாட்டி, நூல் கோத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கருவாட்டுக் குழம்பு கொஞ்சம் கூடவே வைக்கிறேன். ஓசூரிலிருந்து பஸ் இருக்கிறது. அவள் வரட்டும்.