கயிற்றில் கட்டிய கொலுசு

சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பின்னால், கால்வாய் ஓரத்துக் குவாட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீடு மங்களம் அக்காவுடையது. கணவர் மாணிக்கம் மின்சாரப் பகுதியில் வேலை பார்த்தார். கொல்லையில் அக்கா வைத்திருந்த மிளகாய்ச் செடிகளும் எலுமிச்சை மரமும் வரிசை முழுவதற்கும் தெரிந்தவை. ஆண்டுக் கடைசி மழை பிடிப்பதற்கு முன் மிளகாயெல்லாம் மோர் மிளகாயாகவும், எலுமிச்சையெல்லாம் ஊறுகாயாகவும் ஆகிவிட வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் இரண்டையும் முடித்துவிடுவார்.

1958இல் மட்டும் அது தாமதமானது. மகள் கண்மணிக்கு ஒன்றேகால் வயது. நடக்கத் தொடங்கி ஒரு மாதம். வீட்டு வாசலிலிருந்து இருபது அடியில் கால்வாய். கடல் ஏறும் நேரத்தில் மழையும் பெய்தால் தண்ணீர் கரை தட்டும். வாசல் கதவின் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. அதனால் அக்கா காதால்தான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். அவள் கால் கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை கை வேலையில் இருக்கும். நின்றால் எழுந்து போவார்.

மிளகாயைக் கீறி, உப்பு மோரில் இரவு ஊறவைத்து, பகலில் பாயில் பரப்பி, மாலையில் மறுபடியும் அதே மோரில் போட வேண்டும். மூன்றாம் நாள் காக்கைத் தொல்லை அதிகமானது. சமையலறைக் கதவு நிலையிலிருந்து எலுமிச்சை மரம்வரை ஒரு கயிறு இழுத்துக் கட்டினார். அதில் தொங்கவிட ஒன்றும் அகப்படவில்லை. பிறந்த நாளுக்குப் புதியது வந்தபின் பெட்டியில் கிடந்த கண்மணியின் பழைய கொலுசு ஜோடியை எடுத்து நிலைப் பக்கமாகக் கட்டினார். அடுத்த வீட்டு ஜைனப் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தார். “காக்காய்க்குக் கொலுசு போட்டுட்டே. நாளைக்குப் பொட்டும் வச்சு விடுவியா?”

நான்காம் நாள் பிற்பகலில் வானம் கறுத்தது. மரத்தடியில் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கடைசிக் கூடை மிளகாயைக் கீறிக்கொண்டிருந்தார் மங்களம் அக்கா. மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று நினைத்தார். பின்னால் சமையலறைப் பக்கம் கொலுசு ஒலித்தது. காற்று எழுந்தது. கொலுசு இன்னும் வேகமாக ஒலித்தது. பிள்ளை ஓடி விளையாடுகிறாள் என்று அடுத்த மிளகாயை எடுத்தார்.

ஜைனப் அக்கா பாயை எடுக்க உதவிக்கு வந்தார். வந்தவர் சுற்றிலும் பார்த்தார்.

“புள்ள எங்கே மங்களம்?”

“உள்ளேதான்க்கா. சத்தம் கேக்குதே.”

“அது கயித்துல கேக்குது.”

அக்கா திரும்பினார். நிலையோரத்தில் பழைய கொலுசு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சமையலறையில் யாரும் தெரியவில்லை. கூடத்தில் இல்லை. வாசல் கதவு அகலத் திறந்திருந்தது.

கால்வாய்க்கு ஓடினார். தண்ணீர் பழுப்பாக, கரைக்கு ஒரு முழம் கீழே சுழித்துப் போனது. ஒரு தேங்காய் மட்டை வந்தது; அது மட்டைதான் என்று தெரிவதற்குள் அவர் கரையில் பாதி இறங்கியிருந்தார். ஜைனப் அக்கா பாலத்துப் பக்கம் தேடிப் போனார். கொல்லையில் கொலுசு கேட்டது. மங்களம் அக்கா திரும்பி ஓடினார். கயிறு. மறுபடி வாசலுக்கு வந்தார். மறுபடியும் கேட்டது. கயிறுதான் என்று தெரிந்தும் கால் கொல்லைக்கே ஓடியது.

மூன்றாவது முறை கயிற்றை அறுத்தார். கொலுசு கையிலும் ஒலித்தது. பக்கத்தில் இருந்த மோர்ப் பானைக்குள் அதைப் போட்டு அமுக்கினார். அப்படியே மூச்சை அடக்கி நின்றார்.

காற்று மட்டும் கேட்டது. பிறகு உள்ளே, மிக மெதுவாக, ஒரே ஒரு முறை மணி அசைந்தது.

அடுப்பு மேடைக்குக் கீழே, அரிசிப் பெட்டிக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவே கண்மணி உட்கார்ந்திருந்தாள். ஜாடியின் வாயில் கட்டிய வேடுதுணி அவிழ்ந்து கிடந்தது. இரண்டு கையிலும் உப்பு எலுமிச்சைத் துண்டுகள். ஒன்றைச் சப்பி, முகத்தைச் சுளித்து, மறுபடியும் சப்பினாள்.

அக்கா இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளையின் முகத்துக்கு அருகில் வந்ததும் கை நின்றுவிட்டது. விரலெல்லாம் மிளகாய். காலையிலிருந்து கீறிய காரம் நகக்கண்ணில் எரிந்துகொண்டிருந்தது. வாசலில் ஜைனப் அக்கா வந்துவிட்ட சத்தம் கேட்டது.

“அக்கா, நீங்க தூக்குங்க,” என்றார். “என் கை ஆகாது.”

ஜைனப் அக்கா தூக்கினார். தூக்கியபடியே திட்டினார், தாழ்ப்பாளுக்காகத் திட்டினார், கொலுசுக்காகத் திட்டினார், பிறகு அழுதுவிட்டார். மங்களம் அக்கா அழவில்லை. புளியும் எண்ணெயும் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார். வெளியே மழை கொட்டியது. பாயில் இருந்த மிளகாயை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கை எரிச்சல் அடங்குவதற்குள் பிள்ளை ஜைனப் அக்காவின் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

மாலையில் மாணிக்கம் வந்து, மழையில் வீணான மிளகாயைப் பார்த்துவிட்டு, மோரைக் கொட்டப் பானையைச் சாய்த்தார். அடியில் கொலுசு கிடந்தது.

“இது எப்படி இதுக்குள்ளே வந்துச்சு?”

“நான்தான் போட்டேன்,” என்றார் அக்கா. “முதல்ல வாசலுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்க. அப்புறம் சொல்றேன்.”