சர்வீஸ் லிஃப்டில் ஒரு சைக்கிள்

செம்பூரில் அந்த இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தில் வீடு வாங்க ஷ்யாமளா சம்மதித்ததே, விளம்பரப் புத்தகத்தில் இருந்த சைக்கிள் பாதைக்காகத்தான். முப்பத்திநாலு வருஷம் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனவள். ரிட்டயரானதும் யாரையும் கேட்காமல் கிளம்ப வேண்டும் என்று ஐம்பத்தெட்டு வயதில் சைக்கிள் பழகினாள். முட்டித் தோலையெல்லாம் ரோட்டுக்குக் கொடுத்துப் பழகினாள்.

பாதை இல்லை என்று சொல்லக்கூடாது. கேட்டிலிருந்து பச்சை பெயிண்டோடு நூற்றுநாற்பது அடி போய், டிரான்ஸ்பார்மர் பெட்டியில் முட்டி நின்றது. மிச்சம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், டிவைடரைத் தாண்டி, ஒரு வடாபாவ் கடைக்கு அடியில் கிடந்தது. நடுவில் பறந்துகொள்ளலாம் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ.

சைக்கிள் ஸ்டாண்டும் உண்டு, நாலாவது மாடி பார்க்கிங்கில். கார் லிஃப்ட் காரின் கனம் ஏறினால்தான் அசையும். ஷ்யாமளாவும் சைக்கிளும் சேர்ந்தாலும் அதற்குக் கொசுதான். ஆட்கள் போகும் லிஃப்டில் ஏற்றினால் கிரானைட் கீறிவிடுமாம். மிச்சமிருந்தது சாமான் ஏற்றும் சர்வீஸ் லிஃப்ட்.

"மேடம், சைக்கிள் பி சாமான் ஹை. ஃபார்ம் லாவோ" என்றான் வாட்ச்மேன். சைக்கிளும் சாமான்தானாம், ஃபார்ம் கொண்டுவர வேண்டுமாம்.

ஃபார்மில் இரண்டே கட்டம். ஒன்று, வீட்டைக் காலி செய்கிறேன். இன்னொன்று, குடி வருகிறேன். கீழே சொசைட்டி செக்ரட்டரி கையெழுத்து.

செக்ரட்டரி அவள் புருஷன் மகாதேவன்தான்.

"சைக்கிளுக்குன்னு ஒரு கட்டம் போடப்படாதோ?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"ஜெனரல் பாடியிலே பாஸ் பண்ணணும்" என்றார் அந்த மகானுபாவர், பேப்பரிலிருந்து தலை நிமிராமல்.

ரயில்வே ஆபீஸில் காலம் தள்ளியவர். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கை தானாகக் கையெழுத்துப் போட்டுவிடும். ஷ்யாமளா சாப்பாட்டுக்குப் பின் ஒரு ஃபார்ம், சாயங்காலக் காபியோடு ஒரு ஃபார்ம் நீட்டினாள். மத்தியானம் வீட்டைக் காலி செய்தாள், சாயங்காலம் குடி வந்தாள். சைக்கிள் துருப்பிடிக்கிறது, பெண்டாட்டி கோவிலுக்குப் போகிறாள் என்பது அவர் நினைப்பு.

அவள் போனது சயான் வழியாக மாட்டுங்காவுக்கு. அங்கே தனியாக உட்கார்ந்து ஒரு காபி. அந்தக் காபிக்காக உயிரையே கொடுப்பாள். சயானில் லாரிகளும் வாங்கிக்கொள்ளத் தயாராகவே இருந்தன.

ஜெனரல் பாடி நடந்தது. தீர்மானத்தை மகாதேவனே வாசித்தார்: சைக்கிள் ஸ்டாண்டை யாரும் உபயோகிப்பதில்லை, எடுத்துவிட்டு இரண்டு கார் நிறுத்தலாம்.

மாட்டுங்காவிலிருந்து நேரே கூட்டத்துக்கு வந்திருந்த ஷ்யாமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டாண்ட் போனால் சைக்கிள் போச்சு, காபி போச்சு, அப்புறம் பால்கனிதான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, வாட்ச்மேன் அந்த ஃபார்ம்களைச் சேர்த்து வைத்திருந்த ஃபைலை எடுத்து வந்து மேஜைமேல் போட்டாள்.

"இந்தச் சைக்கிளைக் கீழே இறக்க நாப்பத்தேழு தடவை ஆத்தைக் காலி பண்ணிண்டு போயிருக்கேன். எல்லாத்திலேயும் உங்க கையெழுத்து."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செக்ரட்டரியே கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் உபயோகிப்பதில்லை என்று எப்படி எழுதுவது? கூட்டத் தலைவர் தீர்மானத்தைக் கோடு போட்டு அடித்தார். ஸ்டாண்ட் தப்பியது.

மகாதேவன் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தாளாகப் புரட்டி எண்ணினார்.

"போனது நாப்பத்தேழு. வந்தது நாப்பத்தாறுதான் இருக்கு."

"இன்னிக்கு நான் இன்னும் வரலை" என்று புது ஃபார்மை நீட்டினாள் ஷ்யாமளா. "படிச்சுட்டுப் போடுங்கோ."